மேட்டிலிருந்து கிணறு வரை: சரிவு நிலத்தில் மழைநீரைப் பிடித்து, கிணற்றுத் தண்ணீரையும் கெடாமல் காக்கும் முழு வழிகாட்டி

10 ஏக்கரோ 40 ஏக்கரோ, ஒரு சரிவில் விழும் மழையை அங்கேயே நிறுத்தி, கீழே இருக்கும் கிணற்றுத் தண்ணீரின் தரத்தையும் காப்பாற்ற எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துச் செம்மண் மானாவாரியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மேலே கொஞ்சம் மண், அடியில் பாறை, ஐப்பசி கார்த்திகையில் சில நல்ல மழை, அப்புறம் நீண்ட வறட்சி. இதே மாதிரி நிலம் உள்ள மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

புதிதாக இறங்குகிறவர்கள் இரண்டு இடத்தில்தான் அதிகம் இடறுகிறார்கள். ஒன்று, ஜேசிபி கிடைத்துவிட்டது என்று நேராகப் பள்ளத்தில் குட்டை வெட்டுவது. மேட்டு மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றும் செய்யாததால் இரண்டு பெரிய மழையில் அந்தக் குட்டை வண்டலால் தூர்ந்துவிடும். இரண்டாவது, காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், ஓடிவரும் தண்ணீரை அப்படியே குழாய் போட்டு போர்வெல்லுக்குள் இறக்குவது. தண்ணீர் ஏறுகிறதோ இல்லையோ, உரமும் மருந்தும் சாணமும் நிலத்தடிக்குப் போய்விடும், அங்கிருந்து அதை எடுக்க நம்மால் முடியாது. தண்ணீரின் அளவும் தரமும் ஒரே வேலை என்று எடுத்துக்கொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் சர்வே எண்களுக்கான புலப்படம், அதாவது நில அளவை வரைபடம், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்துக்குள் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று அதில் தெரியும். புறம்போக்கில் அனுமதி இல்லாமல் ஒரு கல்கூட அடுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் கட்டிய தடுப்பையே பிரிக்கச் சொல்வார்கள்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் அல்லது ஏ வடிவச் சட்டம் ஒன்று, சுண்ணாம்பு, முளைக்குச்சிகள், 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள், தண்ணீரின் உப்பை (இ.சி.) பார்க்கும் பேனா மீட்டர், ஒரு நோட்டு. மழை அளக்க மழைமானி வாங்க வேண்டும் என்றில்லை. பக்கங்கள் செங்குத்தாக இருக்கும் எந்த டப்பாவும் போதும், திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரின் ஆழத்தை ஸ்கேலில் பார்த்தால் அதுவே மழையின் மில்லிமீட்டர்.

1. மழை பெய்யும்போது சரிவை நடந்து பாருங்கள்

வெயில் நாளில் பார்த்தால் நிலம் தட்டையாகத்தான் தெரியும். நல்ல மழை ஒன்று பெய்யும்போது குடையோடு மேட்டிலிருந்து இறங்குங்கள். தண்ணீர் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் கலங்கலாகிறது என்று புலப்படத்தின் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாக வந்த தண்ணீர் எந்த இடத்தில் செந்நிறமாக மாறுகிறதோ அங்கேதான் மண் போகிறது, வேலையும் அங்கேதான் முதலில் தேவை.

தண்ணீர் பட்டா பார்த்து ஓடாது. மேலே இருக்கும் தோட்டத்துக்காரர் யார், கீழே யார் என்று இந்த நடையிலேயே தெரிந்துவிடும். அவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். மேட்டுக்காரர் சேராமல் செய்யும் வேலையில் பாதிதான் நிற்கும்.

மேலே சாயப்பட்டறை, தோல் பட்டறை மாதிரி ஏதாவது ஒன்றின் கழிவு அந்த ஓடையில் கலக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். கலந்தால் அந்தத் தண்ணீரைத் தேக்கவோ நிலத்துக்குள் இறக்கவோ கூடாது. நொய்யலில் 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் இடமாகி, சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. தேக்கம் நல்லதா கெட்டதா என்பதைத் தேங்கும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

2. மண்ணைத் தொடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

இதைப் பெரும்பாலானவர்கள் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அல்லது செய்வதே இல்லை. இன்றைய நிலைமை எழுத்தில் இல்லை என்றால், நாளைக்கு முன்னேற்றமா பின்னடைவா என்று சொல்ல வழியே கிடையாது.

சித்திரை வைகாசியில், கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்து கிடக்கும்போது ஒரு மாதிரி எடுங்கள். மோட்டாரை 20, 30 நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள், ஏனென்றால் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் கிணற்றின் தண்ணீர் அல்ல. அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம், சாகுபடிப் பயிர் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். மினரல் வாட்டர் பாட்டில் பரவாயில்லை, பூச்சிமருந்து அல்லது எண்ணெய் இருந்த பாட்டில் வேண்டவே வேண்டாம். அன்றோ மறுநாளோ கொண்டுபோய்க் கொடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், மாவட்ட மண் பரிசோதனை நிலையங்களிலும் பாசன நீரைச் சோதிக்கிறார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இ.சி., அதாவது மொத்த உப்பு (அளவு டெசிசீமென்ஸ்/மீட்டர்). 0.7-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3-க்கு மேல் என்றால் கடும் கட்டுப்பாடு. பேனா மீட்டரில் 1000 என்று காட்டினால் அது 1.0 என்று அர்த்தம். அதையே டி.டி.எஸ். (கரைந்த உப்பின் எடை) முறையில் வைத்துவிட்டு, அந்த எண்ணை இ.சி. என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய, அதனால் வாங்கியவுடன் இ.சி. முறைக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்து ஆர்.எஸ்.சி., அதாவது கால்சியம், மக்னீசியத்தைவிடக் கூடுதலாக இருக்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு (லிட்டருக்கு மில்லி ஈக்விவலண்ட்). 1.25-க்குள் இருந்தால் நல்லது, 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரையாதபடி படிய வைத்துவிட்டு, சோடியத்தை ஓங்க விட்டுவிடும், மண் இறுகி மழைத் தண்ணீரே உள்ளே இறங்காது. பி.எச். 6.5 முதல் 8.4 வரை சாதாரணம்.

வீட்டுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் நைட்ரேட்டையும் கேட்டு வாங்குங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் எல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை அசட்டை செய்யவே கூடாது, கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

3. எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுங்கள்

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் கிட்டத்தட்ட 4,047 சதுர மீட்டர். 10 ஏக்கர் சரிவில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது சுமார் 20 லட்சம் லிட்டர். அதில் கால்வாசி ஓடினாலே 5 லட்சம் லிட்டர் ஒரே இரவில் பள்ளத்துக்கு வந்து சேரும்.

இந்தக் கணக்கு, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கின் அகலத்தையும் குட்டையின் அளவையும் முடிவு செய்யத் தேவை. சராசரி மழையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வரப்பை உடைப்பது அந்த ஒரே ஒரு பெருமழைதான்.

4. உச்சி மேட்டைப் புல்லால் மூடுங்கள்

சரிவின் தலைப்பகுதி பெரும்பாலும் கொறங்காடாக, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலமாகத்தான் இருக்கும். கிளுவை வேலி, வெள்வேல், கொழுக்கட்டைப் புல் மூன்றும் இருந்தால் உங்களுக்கு மேட்டில் பெரிய வேலை இல்லை. புல் தேய்ந்துபோன இடத்தில் முதல் மழையோடு கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, முளைத்து வேர் பிடிக்கும்வரை மாட்டை வேறு காட்டுக்கு மாற்றி மேய விடுங்கள்.

புல்லுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்றால், துளி நேராக வெறும் மண்ணில் விழும்போதுதான் மேல்மண் உடைந்து, துவாரங்கள் அடைபட்டு, தண்ணீர் உள்ளே போகாமல் ஓட ஆரம்பிக்கிறது. மேட்டில் ஓட்டம் குறைந்தால் கீழே போடும் எல்லா வரப்பும் சின்னதாகவே போதும், செலவும் குறையும்.

5. சமமட்டம் பிடித்து வரப்பு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கும் படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

ஏ வடிவச் சட்டம் செய்வது சுலபம். ஒரே உயரமுள்ள இரண்டு 7 அடிக் கழிகள், நடுவில் குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து கல் கட்டிய நூல். தரையில் இரண்டு முளை அடித்து அதன்மேல் கால்களை வைத்து, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுமையம்தான் சமமட்டம். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் கண்ணளவில் நடு எடுத்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் பிசகு சேர்ந்து, 100 மீட்டர் போவதற்குள் கோடு சாய்ந்துவிடும்.

சட்டத்தை நகர்த்தி நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போங்கள். கோடு வளைந்து நெளிந்துதான் வரும், நிலம் அப்படித்தான் இருக்கிறது. உழுவதற்கு வசதி என்று சின்ன நெளிவுகளை மட்டும் நேராக்கலாம். சர்வே எல்லையை ஒட்டி நேர்கோடாக வரப்பு போட்டால் தண்ணீர் அதன் தாழ்ந்த மூலையில் போய்க் குவிந்து, அங்கே உடைத்துக்கொண்டு போகும். வரப்பு போட்டும் மண் போகிறதே என்று சொல்கிறவர்கள் காட்டில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் வரப்பு நேராக இருக்கும்.

இரண்டு வரப்புக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது சரிவைப் பொறுத்தது. 100 அடிக்கு 1 அடி இறங்கும் நிலத்தில் 70 மீட்டர், 2 அடி இறங்கினால் 40 மீட்டர், 3 அடி என்றால் 30 மீட்டர். செம்மண்ணில் அடி அகலம் 6 அடி, உச்சி 1 அடி, உயரம் 2 அடி வைக்கலாம். மண் இறுகும்போது உயரம் குறையும் என்பதால் போடும்போதே அரையடி கூட்டிப் போடுங்கள். மண்ணை வரப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள், குழிக்கும் வரப்புக்கும் நடுவே ஒரு அடி விட்டு. அந்தக் குழியே தண்ணீரையும் வண்டலையும் பிடித்துக்கொள்ளும்.

கலிங்கு இல்லாத வரப்பு உடையும், இதில் சந்தேகமே வேண்டாம். வரப்பின் உச்சிக்கு ஒரு அடி கீழே, ஒரு ஓரமாகக் கல் பாவி வழிந்தோடி வையுங்கள். வழியும் தண்ணீர் புல் இருக்கும் தடத்தில் இறங்க வேண்டும், அடுத்தவர் வரப்பின் மேல் அல்ல. வரப்பு முழுக்க வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நட்டுவிடுங்கள்.

ஆழமான கரிசல் நிலம் உங்களுடையது என்றால் இந்தப் படியை அப்படியே செய்யாதீர்கள். கரிசலில் வரப்பு வெயிலில் வெடித்து, மழையில் அந்த வெடிப்பு வழியாகவே உடையும், மேல்பக்கம் தண்ணீர் தேங்கிப் பயிரும் அழுகும். அங்கே லேசான சாய்வோடு வரப்பு போட்டு, மிச்சத்தை மெதுவாக ஓடைக்கு இறக்க வேண்டும்.

6. ஓடையில் கல் தடுப்பு: மேலிருந்து கீழாக

வரப்புகள் நின்ற பிறகு ஓடைக்கு வாருங்கள். ஓடையின் தலையில் இருக்கும் சின்ன அரிப்புகளில் கல் அடுக்குத் தடுப்பு போதும், சிமென்ட் வேண்டாம். தரையை ஒரு அடி வெட்டி அடிக்கல் பதித்து, இரண்டு கரைக்குள்ளும் கொஞ்சம் நுழைத்து அடுக்குங்கள்.

நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மட்டமாக அடுக்கினால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிக் கரையை அரித்துப் புது ஓடை உண்டாக்கும், தடுப்பு மட்டும் நடுவில் தனியாக நிற்கும். தண்ணீர் விழும் பக்கம் தரையில் கல் பரப்புங்கள். மேல் தடுப்பின் அடிமட்டமும் அடுத்த தடுப்பின் உச்சிமட்டமும் ஒரே அளவில் வரும்படி இடைவெளி வைத்தால், வண்டல் நிறைந்ததும் ஓடை படிக்கட்டாக மாறி வேகம் செத்துவிடும்.

7. இப்போது பண்ணைக்குட்டை

குட்டை வாசலில் ஒரு வண்டல் குழி வைத்து, தண்ணீர் அதில் நின்று தெளிந்து உள்ளே போகட்டும். வருடா வருடம் அந்தச் சின்னக் குழியைத் தூர்வாருவது, குட்டையையே தூர்வாருவதைவிட எவ்வளவோ மேல்.

கொள்ளளவுக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 15 மீட்டருக்கு 15 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் பெருக்கிப் பார்த்து நாலரை லட்சம் லிட்டர் என்று சொல்லிவிடுவார்கள். கரையை 1 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்த்து வெட்டினால்தான் சரியாமல் நிற்கும், அப்படி வெட்டினால் அடி 9 மீட்டராகக் குறைந்து, உண்மையில் பிடிப்பது 2.9 லட்சம் லிட்டர். மேலே போட்ட 5 லட்சம் லிட்டர் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள், வழிந்தோடி ஏன் கட்டாயம் என்று புரியும்.

தண்ணீர் நிலத்தடிக்கு இறங்க வேண்டுமா, நின்று பாசனத்துக்கு உதவ வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கிணற்றுக்கு மேல்பக்கம், சரளையான இடத்தில் வெட்டினால் கசிவுக் குட்டை. தேக்கி வைக்க வேண்டும் என்றால் களி உள்ள இடம் அல்லது ஷீட். ஒரே குட்டையில் இரண்டையும் எதிர்பார்த்தால் இரண்டும் நடக்காது. இயந்திர வாடகைக்கும் அளவு குறிக்கவும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தைக் கேளுங்கள்.

8. கிணற்றுக்குத் தண்ணீர் விடும்போது

பாறை நிலத்தில் தண்ணீர் தங்குவது மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். கசிவுக் குட்டைக்குப் பலன் முதலில் திறந்த கிணற்றில் தெரியும். 1,000 அடி போர்வெல்லில் அந்த வருடமே தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், வெடிப்பு அங்கே இணைகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

என் பரிந்துரை: காட்டுத் தண்ணீரை நேராகக் கிணற்றில் விடாமல், 100 அடி தள்ளிக் கசிவுக் குட்டையில் நிறுத்தி மண் வழியாகப் போக விடுங்கள். மண்ணைவிட நல்ல வடிகட்டி நம்மிடம் இல்லை. போர்வெல்லுக்கு ஓட்டு வீடு, மாடி மாதிரி கூரைத் தண்ணீர் மட்டும், அதுவும் வருடத்தின் முதல் மழையை வெளியே தள்ளிவிட்டு, வடிகட்டிய பிறகு.

திறந்த கிணற்றுக்கு விட்டே ஆக வேண்டும் என்றால் வண்டல் குழிக்கு அப்புறம் 6 அடிக்கு 6 அடி, 6 அடி ஆழத்தில் வடிகுழி வெட்டுங்கள். அடியில் பெரிய கல், அதன்மேல் 40 எம்.எம். ஜல்லி, அப்புறம் 20 எம்.எம்., உச்சியில் ஒரு அடிக்கு மேல் ஆற்று மணல். அடியிலிருந்து வலை கட்டிய குழாய் கிணற்றுக்குள் 2 அடி நீட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சுவரிலேயே வழிந்து கிணற்றை இடித்துவிடும். மேல் மணலைச் சுரண்டி மாற்றுவது வருட வேலை. மாட்டுக் கொட்டகை, எருக்குழி, கழிப்பறைக் குழி எதுவும் கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருக்கக் கூடாது, முடிந்தால் அவை எல்லாம் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும்.

9. உரமும் மருந்தும் ஓடையில் இறங்காமல்

யூரியாவின் நைட்ரேட் தண்ணீரோடு கரைந்து கீழே இறங்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஓடும். மணிச்சத்தை வரப்பே பிடித்துவிடும். நைட்ரேட்டை வரப்பு பிடிக்காது, சொல்லப்போனால் வரப்பு தண்ணீரை உள்ளே இறக்குவதால் அதையும் சேர்த்தே இறக்கும். அதனால் தழைச்சத்தை (நைட்ரஜன்) மூன்று நான்காகப் பிரித்துப் போடுவது இந்த வேலையின் ஒரு பகுதிதான், தனி அறிவுரை இல்லை.

கோழி எருவை ஐப்பசி மழைக்கு முன் காட்டில் குவித்து வைக்காதீர்கள். ஓடைக்கரையில் 20, 30 அடிக்கு உழாமல் புல் விடுங்கள். மருந்து டேங்கைக் கிணற்று மேட்டிலோ குட்டையிலோ கழுவுவது இன்னும் நிற்கவில்லை, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கழுவிய தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

10. இருக்கும் உப்புத் தண்ணீரை எப்படிப் பயன்படுத்துவது

மழைநீர் சேர்ந்து கிணறு தெளிய வருடங்கள் ஆகும். அதுவரை பயிர் தேர்வும் கலப்பும்தான் வழி. விளைச்சல் குறையாமல் தாங்கும் தண்ணீரின் இ.சி. வெங்காயத்துக்கு 0.8, மக்காச்சோளத்துக்கு 1.1, தக்காளிக்கு 1.7, நிலக்கடலைக்கு 2.1, சோளத்துக்கு 4.5, பருத்திக்கு 5.1.

குட்டைத் தண்ணீர் 0.3, போர் தண்ணீர் 2.5 என்றால் சமமாகக் கலந்தால் 1.4 வரும். தக்காளிக்குப் போதும், வெங்காயத்துக்குப் போதாது. எல்லாவற்றையும் கலந்துகொண்டே இருப்பதைவிட, முளைப்புக்கும் நாற்றுக்கும் குட்டைத் தண்ணீர், பயிர் வேரூன்றிய பிறகு போர் தண்ணீர் என்று பிரிப்பது நல்லது, ஏனென்றால் உப்பு அதிகம் தாக்குவது இளம்பயிரைத்தான். குட்டையில் கோடைக்கென்று மிச்சம் வைக்காதீர்கள், அப்போது ஒரு நாளைக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகவே போகும்.

ஆர்.எஸ்.சி. அதிகம் என்றால் ஜிப்சம். 10 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு அலகு குறைக்கச் சுத்தமான ஜிப்சம் 86 கிலோ. 4-லிருந்து 2-க்குக் கொண்டுவர 172 கிலோ. கடையில் கிடைப்பது முழுச் சுத்தம் இல்லை, மூட்டையில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் இ.சி. மட்டும் அதிகமாக இருக்கும் தண்ணீருக்கு ஜிப்சம் உதவாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைக் கரைக்காதீர்கள், அதற்குத்தான் இரண்டாவது படியில் அறிக்கை வாங்கச் சொன்னேன்.

11. மழைக்குப் பிறகு

ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் காலையில் வரப்பை நடந்து பாருங்கள். எலி வளை, நண்டு வளை, சின்னக் கசிவு எல்லாம் அன்றே அடைக்க வேண்டியவை. முதல் இரண்டு மழைக்காலம் தாண்டி, புல் வேர் பிடித்துவிட்டால் இந்த வேலை மிகவும் குறையும்.

தை மாதம் அதே கிணற்றில், அதே முறையில் மறுபடியும் மாதிரி எடுங்கள். நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். நீர்மட்டம் ஏறியும் முதல் வருடம் இ.சி. கொஞ்சம் கூடியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம், மேல் மண்ணில் சேர்ந்திருந்த உப்பு கரைந்து இறங்கியிருக்கலாம். அடுத்த வருடமும் கூடினாலோ, நைட்ரேட் ஏறினாலோ கிணற்றுக்குள் நேராக வரும் குழாயை முதலில் மூடுங்கள், அப்புறம் எருக்குழியும் வடிகுழி மணலும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள், அதற்கும் பிறகு ஒன்பதாவது படிக்குத் திரும்பி யார் காட்டில் எவ்வளவு யூரியா போகிறது என்று மேட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள்.